கீழே போட்ட மூன்று

“தெரியாம நடந்துபோன ஒரு தப்பை எப்படிம்மா சரி பண்றது?” என்று கேட்டார் தங்கப்பழம்.

ரூபாவதி தன் பினாயில் கொட்டகையில் நீலப் பீப்பாய்க்குள் கம்பை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் விழுந்த எண்ணெய் பால் மாதிரி வெளுத்து வந்தது. அவள் நிமிரவில்லை.

“தெரியாமலா நடந்துச்சு?”

தங்கப்பழத்துக்குச் சுருக்கென்றது.

இந்தக் கதையில் சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு. குருவுக்கு முப்பத்தாறு. அதிலும் குரு ஒரு காலத்தில் இந்தச் சீடரிடமே பிளஸ் டூ படித்தவள். ஆகவே யாரை உட்கார வைப்பது, யாரை நிற்க வைப்பது என்று நம்மைக் கேட்டால் சிக்கல்தான். நல்லவேளை, அந்தக் கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதிலும் பினாயில் கேன் உட்கார்ந்திருந்தது. இருவரும் நின்றார்கள்.

ரூபாவதி ஆறு வருடம் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் நடத்தினாள். பிறகு விட்டுவிட்டாள். ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால், “அங்க மார்க்கைக் கூட்டிப் போடச் சொன்னாங்க. இங்க பினாயில் போடுறேன். கிருமியாவது சாகுது” என்பாள்.

அது கரிசல் காட்டு ஊர். சுற்றுவட்டாரத்தில் எட்டுப் பள்ளிகள். எந்த ஆசிரியருக்கு எந்தச் சமன்பாடு முரண்டு பிடித்தாலும், பினாயில் வாங்கும் சாக்கில் அவள் கொட்டகைக்கு வந்துவிடுவார். சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. வந்தவர்தான் எழுத வேண்டும். அவள் சாக்பீஸைத் தொடவே மாட்டாள். அவள் கையில் டஸ்டர் மட்டும்தான் இருக்கும். எங்கே தப்போ அங்கே அழிப்பாள். விடையைச் சொல்லமாட்டாள். கெஞ்சினாலும் சொல்லமாட்டாள்.

தங்கப்பழம் இருபத்தெட்டு வருடமாக அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவர். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கு இரண்டு கேன் பினாயில் வேண்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் நுழைந்தார். வாசலில் கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

“என்ன நடந்துச்சு, சொல்லுங்க சார்.”

“பெருசா ஒண்ணும் இல்லம்மா. பிளஸ் ஒன்ல மாரிச்செல்வின்னு ஒரு பிள்ளை. லேசா ஒரு சத்தம் போட்டேன். அதை மனசுல வச்சுக்கிட்டு இன்னைக்கு டி.சி. கேட்டு எழுதிக் குடுத்திருக்கு. திங்கக்கிழமை அவ அம்மா வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிருவாங்களாம். படிப்பையே நிறுத்தப் போறாளாம்.”

“லேசான சத்தத்துக்கா?”

“இப்ப உள்ள பிள்ளைக அப்படித்தானம்மா.”

ரூபாவதி கம்பைப் பீப்பாயின் விளிம்பில் சாய்த்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். பலகைப் பக்கம் தலையை அசைத்தாள்.

“எழுதுங்க.”

“எதை?”

“அன்னைக்குப் போர்டுல இருந்ததை.”

தங்கப்பழம் எழுதினார். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

2KClO₃ → 2KCl + 3O₂

ரூபாவதி டஸ்டரை எடுத்து முழுவதையும் அழித்தாள்.

“ஏம்மா? சரியாத்தான எழுதியிருக்கேன்?”

“இது இன்னைக்கு எழுதினது. அன்னைக்கு எழுதினதைக் கேட்டேன்.”

அவர் கை எழவில்லை.

அன்றைக்கு என்றால், இரண்டு வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை. வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். கடைசி பெஞ்சில் எச்.எம். பாடம் எப்படி நடக்கிறது என்று பார்வையிட வந்து உட்கார்ந்திருந்தார். அவர் வரலாற்றுக்காரர். தங்கப்பழம் பொட்டாசியம் குளோரேட்டை எழுதினார். தீக்குச்சி மருந்தில் சேர்க்கிற அதே குளோரேட்தான். அதைச் சூடாக்கினால் ஆக்சிஜன் பிரிந்து வரும்.

சமன்பாட்டில் அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் எத்தனை அணுவோ அந்தப் பக்கமும் அத்தனை இருந்தாக வேண்டும். ஒன்றுகூடத் தொலைந்துபோக முடியாது. கணக்கு உதைத்தால், பொருளுக்கு முன்னால் பெரிய எண்ணைப் போட்டுச் சரி செய்யலாம். கீழே இருக்கிற சின்ன எண்ணை மட்டும் தொடக்கூடாது. அது அந்தப் பொருள் பிறந்த விதம். அதை மாற்றினால் பொருளே வேறாகிவிடும்.

அன்றைக்கு இடப் பக்கம் ஆக்சிஜன் மூன்று இருந்தது. வலப் பக்கம் இரண்டு. தங்கப்பழத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரி செய்துவிடுவார். ஆனால் அந்த நேரம் பார்த்து எச்.எம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்த்ததைத் தங்கப்பழம் பார்த்தார். கை தன்பாட்டுக்கு ஓ-வின் கீழே இருந்த இரண்டை அழித்துவிட்டு மூன்று என்று போட்டது.

“சமன் ஆயிருச்சா?”

“ஆயிருச்சு சார்!” என்றது வகுப்பு.

மூன்றாவது பெஞ்சில் மாரிச்செல்வி எழுந்தாள். “சார், கீழ மூணு போட்டா அது ஆக்சிஜன் இல்லியே சார். ஓசோனுல்ல சார்?”

அவள் வாயை மூடும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது, அவள் சொல்வது சரி என்று. கஷ்டமே அங்கேதான் இருக்கிறது. தெரியாமல் நடந்தது அந்த மூன்று மட்டும். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தெரிந்தே நடந்தது.

அவர் அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். வகுப்பு சிரித்தது. பிறகு அவளை வெளியே போய் நிற்கச் சொன்னார். மணி அடித்ததும் முதல் வேலையாகப் பலகையை அழித்தார். எச்.எம். தன் குறிப்பேட்டில், “வகுப்புக் கட்டுப்பாடு மிக நன்று” என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த வரியை நினைத்தால் தங்கப்பழத்துக்கு இன்றைக்கும் காது சுடும்.

“எழுதுங்க சார்” என்றாள் ரூபாவதி மறுபடியும்.

அவர் எழுதினார்.

KClO₃ → KCl + O₃

இருபத்தெட்டு வருட அனுபவம் அந்தப் பலகையில் கோவணத்தோடு நின்றது.

ரூபாவதி விரல் விட்டு எண்ணினாள். “பொட்டாசியம் இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. குளோரின் ஒண்ணுக்கு ஒண்ணு. ஆக்சிஜன் மூணுக்கு மூணு. கணக்குச் சரியாத்தான இருக்கு?”

“கணக்குச் சரி. பொருள் வேற ஆயிருச்சு.”

“வேற ஆனா என்ன?”

“என்னம்மா இப்படிக் கேக்க? மூச்சு விடுறதுக்கு இருந்ததை வேற ஒண்ணா ஆக்கியாச்சு. அதை இழுத்தா நெஞ்சு எரியும்.”

“அந்தப் பிள்ளையும் இதத்தான சொல்லுச்சு?”

தங்கப்பழம் பலகையைப் பார்த்தபடியே நின்றார்.

“ஆமா.”

ரூபாவதி கடைசி ஓ-வின் கீழே இருந்த அந்தச் சின்ன மூன்றை மட்டும் அழித்தாள். மீண்டும் கம்பை எடுத்தாள்.

“போயி சமன் பண்ணிட்டு வாங்க சார்.”

மறுநாள் சாயங்காலம் அவர் மறுபடி வந்தார். இந்த முறை பினாயிலைப் பற்றிப் பேசவில்லை. முகம் கடுகடு என்று இருந்தது.

“இதுக்கு மேல ஒரு மனுசன் என்னதாம்மா செய்ய முடியும்?”

“என்ன செஞ்சீங்க?”

“மாசத் தேர்வுப் பேப்பரைக் குடுத்தேன். அம்பதுக்கு முப்பத்தொண்ணு எடுத்திருந்தா. நாப்பத்திநாலு போட்டுக் குடுத்தேன்.”

“அப்புறம்?”

தங்கப்பழம் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த விடைத்தாளை எடுத்தார். எடுத்தாரே தவிர நீட்டவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம். ஆசிரியர் அறையில் ஆறேழு பேர் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தார்கள். மாரிச்செல்வி வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிட்டபிறகுதான் வந்தாள். தாளை அவர் முன்னால் வைத்தாள். வகுப்பில் பேசிய குரல் இல்லை அது. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரல்.

“சார், கூட்டல் தப்பா இருக்கு. எனக்கு முப்பத்தொண்ணுதான் வருது.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

“என்ன தங்கப்பழம் சார், மார்க்கைக் குறைக்கச் சொல்லி வர்ற பிள்ளையை இப்பத்தான் பாக்கோம்!” என்று தமிழாசிரியர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கப்பழமும் சிரித்துவைத்தார். அதன்பிறகு ஒரு வாய்ச் சோறு உள்ளே இறங்கவில்லை. மூடியைப் போட்டு வீட்டுக்கே கொண்டுபோனார்.

இதைச் சொல்லி முடிக்கும் வரை ரூபாவதி கேன்களுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

“போர்டுல அவ பேரை எழுதுங்க சார்.”

எழுதினார். மாரிச்செல்வி.

“கீழ சின்னதா முப்பத்தொண்ணு போடுங்க.”

போட்டார்.

“இப்ப நீங்க பண்ணினதைப் பண்ணுங்க.”

தங்கப்பழம் கட்டைவிரலால் முப்பத்தொன்றைத் தேய்த்து அழித்தார். நாற்பத்திநான்கு போடச் சாக்பீஸைக் கொண்டுபோனார்.

கை பாதியில் நின்றது.

அதே கை. அதே இடம். பெயருக்குக் கீழே, கொஞ்சம் வலப் பக்கமாக.

அவர் சாக்பீஸைத் தாங்கியில் வைத்தார். திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்து வண்டியை உதைத்தார். அது மூன்று உதைக்குக் கிளம்பவில்லை. நாலாவது உதைக்குக் கிளம்புகிறவரை ரூபாவதி வாசலுக்கு வரவில்லை. அதற்காக அவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னார்.

சனிக்கிழமை சிறப்பு வகுப்பு. அது முடிந்து பிள்ளைகள் கலைந்தபிறகு தங்கப்பழம் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குப் போனார். மாரிச்செல்வி பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். அவர் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். வேப்பமரத்தடியில் காக்கையைத் தவிர ஒருவரும் இல்லை.

“மாரி, அன்னைக்கு நான் பேசினது தப்பும்மா. மனசுல வச்சுக்காத.”

அவள் சைக்கிள் மணியைப் பார்த்தாள்.

“சரி சார்.”

“டி.சி. வேண்டாம்னு எழுதிக் குடுத்திருறியா?”

“அம்மாட்ட சொல்லியாச்சு சார்.”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். வாசலைத் தாண்டும் வரை அவள் ஏறவில்லை. ஆசிரியர் நிற்கும்போது ஏறி ஓட்டினால் மரியாதைக் குறைவு என்று அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த மரியாதையைத்தான் தங்கப்பழத்தால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்.

நேராகக் கொட்டகைக்கு வந்தார்.

“டீச்சர்” என்றார்.

அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ரூபாவதியும் கவனித்தாள். கம்பைக் கீழே வைத்தாள்.

“மன்னிப்புக் கேட்டுட்டேன் டீச்சர். சரின்னு சொல்லிட்டா. ஆனாலும் போறேங்கிறா. இன்னும் என்னதான் பாக்கி?”

“எங்க வச்சுக் கேட்டீங்க?”

“சைக்கிள் ஸ்டாண்டுல.”

“யாரு இருந்தா?”

“நானும் அவளும்தான்.”

ரூபாவதி கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். “அன்னைக்கு வகுப்புல அந்தப் பிள்ளையை என்ன சொன்னீங்க சார்? ரெண்டு நாளா நீங்க அதை மட்டும் சொல்லலை.”

தங்கப்பழம் பீப்பாயைப் பார்த்தார். வெள்ளைத் தண்ணீரில் அவர் முகம் தெரியவில்லை. தெரியாதவரைக்கும் நல்லது என்று இருந்தது.

“சொல்லத்தான் வேணுமா?”

“எனக்கு வேண்டாம் சார். உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க.”

அவர் சொன்னார். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“ ‘பெட்டி ஒட்டுற வீட்லருந்து வந்து எனக்கே பாடம் எடுக்கியா? போ, உங்கம்மாவுக்குப் பசை காய்ச்சிக் குடு. உன் மூளைக்கு அது போதும்’னு சொன்னேன்.”

அந்த ஊரில் பாதி வீடுகளில் தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டுகிறார்கள். அவர் வகுப்பிலும் பாதிப் பேர் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களும் சேர்ந்துதான் சிரித்தார்கள். எச்.எம். பின்னால் இருக்கும்போது சிரிக்காமல் இருந்தால் தன் பக்கம் திரும்பிவிடுமோ என்று பயந்து சிரித்தார்கள்.

“போர்டுல ஒரு அம்புக்குறி போடுங்க சார்.”

போட்டார்.

“இடப் பக்கம், நீங்க அதைச் சொன்னப்ப இருந்தவங்க. எல்லாரையும் எழுதுங்க.”

அவர் எழுதினார். மாரிச்செல்வி. மற்ற பிள்ளைகள் நாற்பத்தொன்று. எச்.எம். கடைசியாக, நான்.

“எத்தனை?”

“நாப்பத்திநாலு.”

“வலப் பக்கம், இன்னைக்கு மன்னிப்புக் கேட்டப்ப இருந்தவங்க.”

மாரிச்செல்வி. நான்.

எழுதிவிட்டு அவர் ஓரடி பின்னால் வந்து நின்றார். சின்ன வகுப்புப் பிள்ளைக்கும் தெரிகிற கணக்கு அது. இருபத்தெட்டு வருடமாக, “ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது, எண்ணிப் பாரு, எண்ணிப் பாரு” என்று தொண்டை வற்றக் கத்தியவர் அவர்தான்.

“சமனா சார்?”

“இல்ல டீச்சர்.”

“அதோட இடப் பக்கத்துலயே ஒண்ணு குறையுது.”

தங்கப்பழம் எண்ணினார். மறுபடி எண்ணினார். வருகைப் பதிவேடு அவருக்கு மனப்பாடம். அன்றைக்கு ஒருத்தரும் விடுப்பு இல்லை.

“நாப்பத்திநாலுதான் டீச்சர்.”

“ஒண்ணு குறையுது சார்.”

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். திடீரென்று வேறு ஒரு பயம் வந்தது.

“உன்னையும் நான் எப்பவாவது இப்படி ஏதாச்சும்...”

“என்னை இதுல சேக்காதீங்க” என்றாள் ரூபாவதி. “இது மாரிச்செல்வி சமன்பாடு.”

அவள் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. அதை அவர் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனார்.

புறப்படும்போது அவள் இரண்டு கேன்களைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தாள். “வியாழக்கிழமை கேட்டீங்களே சார்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தங்கப்பழம் எண்ணிக்கொண்டே இருந்தார். வராந்தாவில் யாராவது போனார்களா? ஜன்னல் ஓரம் யாராவது நின்றார்களா? மனைவி சாம்பாரில் உப்புச் சரியா என்று கேட்டதற்கு, “நாப்பத்திநாலுதான்” என்றார். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

திங்கட்கிழமை காலையில் முதலில் எச்.எம். அறைக்குப் போனார்.

“முதல் பீரியடு கொஞ்சம் வந்து கடைசி பெஞ்சுல உக்காரணும் சார்.”

“அன்னைக்குத்தான நல்லா எழுதிக் குடுத்தேன்? இன்னொண்ணு வேணுமா?” என்றார் எச்.எம்.

“அன்னைக்கு எழுதினது தப்பு சார். அதுக்குத்தான் கூப்பிடுதேன்.”

எச்.எம். ஒன்றும் புரியாமல் எழுந்து வந்தார்.

மாரிச்செல்வி இப்போது மூன்றாவது பெஞ்சில் இல்லை. எச்.எம்.முக்கு முன் பெஞ்சில், ஓரமாக, கடைசி நாளுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு நோட்டுகூட இல்லை.

தங்கப்பழம் பலகையில் எழுதினார்.

KClO₃ → KCl + O₃

“இதை நான் எழுதினேன். இது தப்பு. மாரிச்செல்வி எந்திரிச்சு தப்புன்னு சொன்னா. அவ சொன்னப்பவே எனக்குத் தெரியும், அவ சரி, நான் தப்புன்னு. தெரிஞ்சுதான் அவளை வெளியே அனுப்பினேன்.”

முதல் பெஞ்சுப் பையன் பேனா மூடியைக் கடிப்பதை நிறுத்தினான். மாரிச்செல்வி டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை. தங்கப்பழம் வாயைத் திறந்தார். வரவில்லை. நாற்பத்திரண்டு பேரும் இருக்கிறார்கள், எச்.எம். இருக்கிறார், நானும் நிற்கிறேன், இருந்தும் ஏன் வரவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை.

“சார்...”

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நிலைக்கு அந்தப் பக்கமே நின்றாள். கையில் ஒரு தாள். அதைப் பிடித்திருந்த விரல்களில் காய்ந்துபோன பசை தோல் உரிந்தாற்போல ஒட்டியிருந்தது.

“மாரிச்செல்வியோட அம்மா சார். டி.சி.க்கு வந்தேன். ஆபீசுல உங்க கையெழுத்து வேணும்னு சொன்னாக.”

தங்கப்பழம் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்தார்.

“பிள்ளைக்குப் படிப்பு ஏற மாட்டேங்குதாம் சார்” என்றாள் அவள். மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள். “அதுவே வந்து சொல்லிருச்சு. எங்கூடவே வேலைக்கு வாரேங்குது. நீங்க கஷ்டப்பட்டுச் சொல்லித்தான் குடுத்திருப்பீக. என்ன செய்ய, எங்க தலையில அவ்வளவுதான்.”

மாரிச்செல்வி தலையை இன்னும் குனிந்துகொண்டாள்.

அவள் வீட்டில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அம்மாவுக்கு எதுவுமே தெரியாது. தங்கப்பழம் அந்தத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டால் போதும். இல்லை, “உங்க பிள்ளை நல்லாப் படிக்கிறாம்மா, கூட்டிட்டுப் போகாதீங்க” என்று நல்லபிள்ளையாகச் சொன்னாலும் போதும். அதோடு முடிந்துவிடும். யாரும் வாய் திறக்கப் போவதில்லை.

அவர் அந்த விரல்களைப் பார்த்தார்.

நாற்பத்தைந்து.

“உள்ள வாங்கம்மா” என்றார்.

“இருக்கட்டும் சார்.”

“உள்ள வாங்க.”

தன் நாற்காலியை மேசைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு வந்து வகுப்பைப் பார்த்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள்.

“உங்க பேரு என்னம்மா?”

“வெள்ளத்தாய் சார்.”

“உங்க பேரைக்கூடத் தெரிஞ்சுக்காம நான் இந்த இடத்துல நின்னு உங்களை ஒரு வார்த்தை சொன்னேன். இந்தப் பிள்ளைக எல்லாம் கேட்டாங்க. எச்.எம். சாரும் கேட்டாங்க. நீங்க மட்டும்தான் கேக்கலை.”

“என்ன சார் சொன்னீக?”

தங்கப்பழம் சொன்னார். பெட்டி ஒட்டுற வீடு. பசை காய்ச்சுறது. மூளைக்கு அது போதும். ஒரு சொல்லையும் விடவில்லை, ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அன்றைக்கு வேகமாக வந்த வார்த்தை இன்றைக்கு முடிய வெகுநேரம் ஆனது.

யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளத்தாய் நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள். விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்தபோதுதான் தங்கப்பழத்துக்குக் கண் கலங்கியது. இரண்டு வாரமாக அவர் பட்டதெல்லாம் வெட்கமே இல்லை. வெட்கம் இப்போதுதான் வந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஓர் எழுத்தும் அவளுக்குத் தெரியாது.

“சார், அதுல எம்பிள்ள சொன்னது சரியா?”

“சரிம்மா.”

“நீங்க போட்டதுதான் தப்பா?”

“நான் போட்டதுதான் தப்பு.”

வெள்ளத்தாய் கடைசிக்கு முந்திய பெஞ்சைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

“ஏட்டி, படிப்பு ஏறலைன்னுல்ல சொன்ன?”

மாரிச்செல்வி எழுந்து நின்றாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்தாள். அவள் வர வர, இரண்டு பக்கமும் பிள்ளைகள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

தங்கப்பழம் டஸ்டரை நீட்டினார்.

அவள் வாங்கினாள். அம்மாவைத் தாண்டிப் பலகைக்குப் போனாள். கடைசி ஓ-வின் கீழே இருந்த அந்த மூன்றை மட்டும் அழித்தாள்.